மோனோமர் தண்ணீரில் கரைந்தால் சஸ்பென்ஷன் கோபாலிமரில் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோனோமரைத் (பாலிமர்ச் சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு) தண்ணீரில் துளிகளாகக் கிளறி, துளிகளை அப்படியே பாலிமர் மணிகளாக்குவது சஸ்பென்ஷன் முறை; இரண்டு மோனோமர்கள் கலந்த பாலிமர் கோபாலிமர். இதில் ஸ்டைரீன், டைவினைல் பென்சீன் என்று எண்ணெய்த்தன்மையுள்ள மோனோமர்களோடு பழகியவர்கள் முதன்முறை அக்ரைலோநைட்ரைலையோ அக்ரிலிக் அமிலத்தையோ சேர்க்கும்போது ஏறக்குறைய ஒரே வரிசையில் சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சதவீதங்கள் எல்லாம் எடைச் சதவீதம். மோல் கணக்கு வரும் இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம்.

தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளத்தானே இருக்கிறது? அதில் கொஞ்சம் மோனோமர் கரைந்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஒவ்வொரு துளியும் தனித்தனிக் குட்டி ரியாக்டர், தண்ணீர் வெறும் சுற்றுச்சூழல் என்பதுதான் சஸ்பென்ஷனின் அடிப்படைக் கற்பனை. ஸ்டைரீனுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. இரண்டு மோனோமர்களில் ஒன்று தண்ணீரில் கரையத் தொடங்கியதும் மூன்று விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன. தராசில் நிறுத்த விகிதம் துளிக்குள் இருப்பதில்லை. தண்ணீருக்குள் போனது அங்கேயே பாலிமராகி நீர்மத்தைப் பால்போல் ஆக்கலாம். ஆகாமல் மிஞ்சியது துளியில் மோனோமர் குறையக் குறையத் திரும்பி வந்து, கடைசியில் உருவாகும் பாலிமரின் கலவையைத் திருப்பிவிடும்.

இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு விடை முதல் விஷயத்தில்தான் இருக்கிறது. கோபாலிமரின் கலவையைத் தீர்மானிப்பது துளிக்குள் இருக்கும் விகிதம். பேட்ச் தாளில் எழுதியது தராசின் விகிதம்.

எது எவ்வளவு கரையும்? ஒரு பட்டியல் கிடைக்குமா?

அறை வெப்பநிலையில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தோராயமாக: ஸ்டைரீன் 0.3 கிராம், 2-எத்தில்ஹெக்சில் அக்ரிலேட் 0.1 கிராம், பியூட்டில் அக்ரிலேட் 1.5 முதல் 2 கிராம். இவற்றுக்குக் கணக்கே போட வேண்டாம். மெத்தில் மெத்தாக்ரிலேட் (இனி எம்எம்ஏ) 15 கிராம், எத்தில் அக்ரிலேட் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், வினைல் அசிட்டேட் 20 முதல் 25, மெத்தில் அக்ரிலேட் 50, அக்ரைலோநைட்ரைல் 73 கிராம். தொல்லை தருவது இந்த நடுவரிசைதான். கரைவது பாதிக்கும் அளவுக்கு அதிகம், சஸ்பென்ஷனையே கைவிடும் அளவுக்கு அதிகமில்லை.

மெத்தாக்ரிலிக் அமிலம் 90 கிராம் அளவில் கரையும். அக்ரிலிக் அமிலமும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட்டும் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். அக்ரிலமைடு லிட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் போகும்.

அக்ரைலோநைட்ரைல் 7.3 சதவீதம் கரையும் என்றால், 200 கிராம் தண்ணீர் 14.6 கிராமை விழுங்கிவிடுமா?

விழுங்காது. அந்த எண், தண்ணீருக்கு மேலே தூய அக்ரைலோநைட்ரைல் நிற்கும்போது கிடைப்பது. மேலே ஸ்டைரீனோடு கலந்து நின்றால், தோராயமாக எண்ணெய்ப் பகுதியில் அதன் மோல் பின்னத்தின் அளவுக்குத்தான் தண்ணீருக்குள் போகும்.

70 கிராம் ஸ்டைரீன், 30 கிராம் அக்ரைலோநைட்ரைல், 200 கிராம் தண்ணீர் என்று வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டைரீன் 70 ÷ 104.15 = 0.672 மோல். தண்ணீருக்குள் 6 கிராம் போனதாக முதலில் ஊகியுங்கள். எண்ணெயில் மிச்சம் 24 கிராம், அதாவது 0.452 மோல். மோல் பின்னம் 0.452 ÷ 1.124 = 0.40. தண்ணீரில் இருக்க வேண்டியது 14.6 × 0.40 = 5.9 கிராம். ஊகமும் விடையும் ஒட்டிவிட்டன, நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் ஊற்றிய அக்ரைலோநைட்ரைலில் ஐந்தில் ஒரு பங்கு துளியில் இல்லை. துளிக்குள் இருப்பது 30 சதவீதம் அல்ல, 25.6.

இது சீர்மைக் கரைசல் (இரண்டு மோனோமர்களும் ஒன்றோடொன்று வேற்றுமையில்லாமல் பழகும் கரைசல்) என்று எடுத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் அக்ரைலோநைட்ரைலுக்கு ஸ்டைரீனோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது, அதனால் தண்ணீருக்குள் போவது இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். குறைந்தபட்ச இழப்பு இவ்வளவு என்று இந்த எண்ணைப் படியுங்கள்.

அப்படியானால் தண்ணீரைக் குறைத்தால் போதாதா?

நல்ல வழி, முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். மேலே போட்ட அதே கணக்கை 100 கிராம் தண்ணீருக்குப் போட்டால் 3.1 கிராம்தான் தண்ணீருக்குள் போகிறது, துளியில் 27.8 சதவீதம் நிற்கிறது. 400 கிராம் தண்ணீரில் 10.4 கிராம் போய்விடும், துளியில் 21.9 சதவீதம்தான் மிஞ்சும். ஆய்வகத்தில் 4:1 என்று தாராளமாகத் தண்ணீர் வைத்துப் பார்த்த செய்முறையைப் பெரிய ரியாக்டரில் 1.5:1 என்று மாற்றியதும் கோபாலிமர் வேறாக வருவது இதனால்தான். மாற்றியது தண்ணீரைத்தான், ஆனால் மாறியது மோனோமர் விகிதம்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. 1:1-க்குக் கீழே போனால் மணிகள் நெருக்கியடித்து நிற்கும், குழம்பு கிளறிக்கு மசியாது, வெப்பமும் வெளியேறாது. 1.3:1-லிருந்து 2:1 வரை வசதியான இடம்.

சஸ்பென்ஷனில் வினைத்திறன் விகிதங்கள் மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. துளிக்குள் நடப்பது தூய மோனோமரில் நடக்கும் அதே வினை. ஆனால் தராசின் விகிதத்தை வைத்து r மதிப்புகளை (வளரும் சங்கிலி தன் வகை மோனோமரை மற்றதைவிட எத்தனை மடங்கு விரும்பிச் சேர்க்கிறது என்ற விகிதம்) கணக்கிட்டால் போலியான எண்கள் வரும், அதைப் பார்த்துத்தான் மாறிவிட்டது என்கிறார்கள். மேலே சொன்ன முறையில் துளியின் விகிதத்தைக் கண்டுபிடித்து அதைச் சமன்பாட்டில் போட்டால் பழைய r மதிப்புகளே பொருந்தும். அமில மோனோமர்கள் மட்டும் விதிவிலக்கு. அமிலமாக இருக்கும்போதும் அயனியாக இருக்கும்போதும் அவற்றின் வினைத்திறனே வேறு.

70/30 போட்ட ஸ்டைரீன்-அக்ரைலோநைட்ரைல் மணிகள் மங்கலாகவும் மஞ்சளாகவும் வருகின்றன. துவக்கியை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

குற்றவாளி கலவை விலகல், அதாவது வினை போகப்போகப் பாலிமரின் கலவை மாறுவது. ஸ்டைரீனுக்கு r சுமார் 0.4, அக்ரைலோநைட்ரைலுக்கு 0.04. இந்த ஜோடிக்கு அசியோட்ரோப் 24 சதவீத அக்ரைலோநைட்ரைலில் அமைகிறது. மோனோமரில் என்ன விகிதமோ பாலிமரிலும் அதே விகிதம் இருக்கும் புள்ளி அது. 200 கிராம் தண்ணீர் வைத்த பேட்ச்சில் துளி 25.6 சதவீதத்தில் தொடங்குகிறது, முதலில் உருவாகும் பாலிமரில் சுமார் 24.7 சதவீதம் இருக்கும். முதல் பாதி இப்படி 25-ஐ ஒட்டியே போய், ஊற்றிய 30-ம் கடைசியில் மணிக்குள் வந்துசேர வேண்டுமானால், இரண்டாம் பாதியின் சராசரி 35-ஆக இருந்தே தீர வேண்டும். தண்ணீரில் காத்திருந்த 6 கிராம் கடைசி நேரத்தில் உள்ளே வருவதால், இறுதியில் உருவாகும் சங்கிலிகள் அதையும் தாண்டும்.

அக்ரைலோநைட்ரைல் அளவில் சுமார் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படும் இரண்டு ஸ்டைரீன்-அக்ரைலோநைட்ரைல் கோபாலிமர்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பிரியும். மங்கல் அதனால் வருகிறது. அடுத்தடுத்து நிற்கும் நைட்ரைல் தொகுதிகள் சூட்டில் வளையமாக மூடிக்கொள்வதால் மஞ்சள் வருகிறது. வினையைத் தொடங்கிவைக்கும் பொருளான துவக்கிக்கு இதில் பங்கு சொற்பம்.

தெளிவான மணி வேண்டுமானால் துளியை அசியோட்ரோப்பில் வையுங்கள். 200 கிராம் தண்ணீருக்கு 76 கிராம் ஸ்டைரீனோடு 24 அல்ல, 29.6 கிராம் அக்ரைலோநைட்ரைல். தண்ணீரின் பங்கான 5.6 கிராமையும் சேர்த்தே ஊற்றுகிறோம். ஆனால் அந்த 5.6 கிராம் முழுவதையும் மணிக்குள் வரவிடக் கூடாது. 90 முதல் 95 சதவீதக் கன்வர்ஷனில் (மோனோமர் பாலிமராக மாறிய பங்கு) வினையை முடித்து, மிச்சத்தை நீராவியால் இழுத்து மீட்டெடுங்கள். முழுதாகத் தீர்த்துவிட வேண்டும் என்று வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போனால் மஞ்சளைக் கையால் வரவழைத்ததாகும்.

வடிகட்டியதும் கீழே இறங்கும் தண்ணீர் பால்போல் இருக்கிறது. நிலைப்படுத்தி அதிகமாகிவிட்டதா?

துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பொருளான நிலைப்படுத்தி அதிகமாவதும் சில நேரம் உண்டு, ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீருக்குள் நடந்த பாலிமராக்கத்தை. கரைந்த மோனோமரை ஒரு ரேடிக்கல் (துவக்கி உடைந்து வரும், சங்கிலியைத் தொடங்கும் துண்டு) சந்தித்தால் சங்கிலி தண்ணீரிலேயே வளரும். கரையாத நீளம் வந்ததும் சுருண்டு, நிலைப்படுத்தியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகளாக நிற்கும். நீங்கள் கேட்காமலே ஓரத்தில் ஓர் எமல்ஷன் பாலிமராக்கம் ஓடியிருக்கிறது.

நிறத்தோடு போனால் பரவாயில்லை. இந்தத் துகள்கள் வடிதுணியை அடைக்கும், மணியின் மேல் ஒட்டி அதைச் சொரசொரப்பாக்கும், ரியாக்டர் சுவரில் தோலாகப் படியும், நுரையைக் கிளப்பும். அக்ரைலோநைட்ரைல் என்றால் இன்னும் மோசம். அதன் பாலிமர் தன் மோனோமரிலேயே கரையாது, வெள்ளை மாவாகப் பிரிந்து நிற்கும்.

நான் போடுவது எண்ணெயில் கரையும் துவக்கி. தண்ணீருக்கு ரேடிக்கல் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழி. துவக்கியே கொஞ்சம் தண்ணீரில் கரையும். ஏஐபிஎன் (அசோபிஸ்ஐசோபியூட்டிரோநைட்ரைல்) என்ற துவக்கி இதில் பேர்போனது, லாராயில் பெராக்சைடு கிட்டத்தட்டக் கரையாது, பென்சாயில் பெராக்சைடு இடையில் நிற்கிறது. இரண்டாவது, துளியின் ஓரத்தில் பிறக்கும் சின்ன ரேடிக்கல் சங்கிலியாக வளரும் முன்பே வெளியே நழுவிவிடலாம். ஏஐபிஎன் தரும் துண்டு நான்கு கார்பன் கொண்டது, நழுவுவது சுலபம். லாராயில் பெராக்சைடு தரும் நீண்ட ஹைட்ரோகார்பன் வாலுக்குத் தண்ணீர் பிடிக்காது.

10 மணி நேர அரைவாழ்வு வெப்பநிலை லாராயில் பெராக்சைடுக்கு 62 டிகிரி, ஏஐபிஎன்னுக்கு 65, பென்சாயில் பெராக்சைடுக்கு 73. ஆகவே ஏஐபிஎன்னை எடுத்துவிட்டு லாராயில் பெராக்சைடு வைக்க வெப்பநிலையைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. பால் பிரச்சினைக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் தீர்வு இதுதான், பலர் இதைக் கடைசியில்தான் முயற்சி செய்கிறார்கள். கிராமுக்குக் கிராம் மாற்றாதீர்கள். லாராயில் பெராக்சைடின் மூலக்கூறு எடை 399, ஏஐபிஎன்னுடையது 164. மோல் சமமாக வர எடை இரண்டரை மடங்கு ஆகும்.

உப்புப் போட்டால் மோனோமர் தண்ணீரைவிட்டு வெளியே வரும் என்கிறார்கள். எந்த உப்பு, எவ்வளவு?

வரும். தண்ணீரின் எடையில் 3 முதல் 10 சதவீதம் சோடியம் குளோரைடு வழக்கமான வீச்சு. 5-ல் தொடங்கிப் பார்க்கலாம். எம்எம்ஏ, வினைல் அசிட்டேட், அக்ரைலோநைட்ரைல் மூன்றுக்கும் பயன் தெரியும். அக்ரிலிக் அமிலத்துக்கும் உதவும், ஆனால் அங்கே உப்பால் மட்டும் காரியம் ஆகாது. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

இரண்டு குழிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடைக்கு எடை சோடியம் சல்பேட் வலுவாக வேலை செய்யும் என்று அதை எடுப்பார்கள், ஆனால் அது பாலிவினைல் ஆல்கஹாலையும் தண்ணீரைவிட்டு விரட்டும். பாலிவினைல் ஆல்கஹால் இழைகளைச் சுழற்றி எடுக்கும் தொட்டியில் உறையவைக்கப் பயன்படுவதே சோடியம் சல்பேட்தான். நிலைப்படுத்தி நூலாகத் திரிந்து கிளறியில் சுற்றிக்கொண்டால் மணி எல்லாம் ஒரே கட்டியாகும். சல்பேட் அவசியமென்றால் ஒரு கோப்பையில் நிலைப்படுத்திக் கரைசலோடு கலந்து, வினை வெப்பநிலையில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினால் வேண்டாம். இரண்டாவது குழி குளோரைடு. சூட்டில் அது துருப்பிடிக்காத எஃகைக் குழிகுழியாக அரிக்கும், கண்ணாடிப் பூச்சு ரியாக்டர்தான் பாதுகாப்பு.

சோடியம் நைட்ரைட், காப்பர் உப்பு என்று சில செய்முறைகளில் இருக்கிறதே, அது எதற்கு?

தண்ணீருக்குள் வரும் ரேடிக்கலை அங்கேயே கொல்வதற்கு. எண்ணெயில் கரையாத, தண்ணீரில் மட்டும் நிற்கும் தடுப்பான் வேண்டும். சோடியம் நைட்ரைட் தண்ணீரின் எடையில் 0.01 முதல் 0.1 சதவீதம் போதும். காப்பர் சல்பேட் பத்து லட்சத்தில் 50 முதல் 100 பங்கு அளவில் வைத்துத் தொடங்கலாம். பழைய செய்முறைகளில் பொட்டாசியம் டைகுரோமேட் வரும், அதன் நச்சுத்தன்மையை நினைத்தால் இன்று அதைத் தொடக் காரணமே இல்லை.

நைட்ரைட்டை அமில நீர்மத்தில் போடாதீர்கள். பிஎச் குறைந்தால் நைட்ரஸ் அமிலம் உருவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளாகச் சிதைந்து, அவை துளிக்குள்ளும் நுழைந்து நீங்கள் விரும்பும் வினையையே நிறுத்தும். மணி மிருதுவாகவே நிற்கிறது, துவக்கி செத்துவிட்டதோ என்று குழம்புபவர்கள் பிஎச்சை முதலில் பார்க்கட்டும். அமீன் இருக்கும் அமைப்பிலும் நைட்ரைட் வேண்டாம், நைட்ரோசமீன் உருவாகும் அபாயம் உண்டு. காப்பரைக் கார்பாக்சிலிக் பிசின்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பச்சை நீலமாகச் சாயமேறிய மணியை அமிலத்தில் கழுவித்தான் மீட்க வேண்டும்.

தடுப்பான் தண்ணீருக்குள் நடக்கும் பாலிமராக்கத்தைத்தான் நிறுத்தும். துளியில் கலவை மாறுவதை அது தொடாது. கரைந்தது கரைந்ததுதான்.

ஸ்டைரீனோடு 10 சதவீதம் அக்ரிலிக் அமிலம் போட்டேன். மணியில் அமிலம் 1 சதவீதம்கூட இல்லை. எங்கே போனது?

தண்ணீருக்கு. ஸ்டைரீனுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் அக்ரிலிக் அமிலத்துக்குத் தண்ணீர்தான் வீடு. இருமடங்கு தண்ணீரும் வைத்தால் எண்ணெயில் மிஞ்சுவது சொற்பம். முதலில் பிஎச்சைப் பாருங்கள். அக்ரிலிக் அமிலத்தின் பிகேஏ சுமார் 4.25. பிஎச் 4.25-ல் பாதி அயனியாகிவிடும், அயனி எண்ணெய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பிஎச்சை 2.25-க்கு இறக்கினால் 99 சதவீதம் அமிலமாகவே நிற்கும். அதோடு 10 சதவீத உப்பு, குறைந்த தண்ணீர். இத்தனையும் செய்தால் நிலைமை தேறும், ஆனால் முழுதாகச் சரியாகாது.

மெத்தாக்ரிலிக் அமிலத்துக்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள். ஒரே ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், எண்ணெய்ப் பக்கம் நன்றாகவே சாய்கிறது. எம்எம்ஏ துணைக்கு இருந்தால் இன்னும் நல்லது.

உண்மையில் சுலபமான வழி வேறு. அமிலத்தைப் பிறகு உருவாக்குங்கள். டைவினைல் பென்சீனோடு மெத்தில் அக்ரிலேட்டைப் பாலிமராக்கி, மணி வந்தபின் காரத்தில் நீராற்பகுத்தால் கார்பாக்சில் மணி கிடைக்கும். வலுக்குறைந்த அமில அயனிமாற்றுப் பிசின்களைச் செய்யும் தெரிந்த வழிகளில் இதுவும் ஒன்று. மெத்தில் அக்ரிலேட் 5 சதவீதம் கரையும், அதற்கும் உப்பு வேண்டும். என்றாலும் எல்லையில்லாமல் கரையும் ஒன்றோடு மல்லுக்கட்டுவதைவிட அது மேல்.

அமில மோனோமர் சேர்த்ததும் டிரைகால்சியம் பாஸ்பேட் பேட்ச் கட்டியாகிவிட்டது.

நிலைப்படுத்தியே கரைந்துவிட்டது. டிரைகால்சியம் பாஸ்பேட்டும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் திடத்துகளாகத் துளியின் மேல் உட்கார்ந்து காப்பவை, அமிலத்தில் கரைந்து காணாமல் போகும். முந்தைய விடையில் சொன்னபடி பிஎச்சை இறக்கும் எந்தச் செய்முறைக்கும் அவை ஆகா. ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் அல்லது 87 முதல் 89 சதவீதம் நீராற்பகுக்கப்பட்ட பாலிவினைல் ஆல்கஹாலுக்கு மாறுங்கள்.

அதே கிளறி, அதே வேகம். ஸ்டைரீனில் 400 மைக்ரான் வந்தது, பாதி எம்எம்ஏ ஆக்கியதும் 260-க்கு இறங்கிவிட்டது. ஏன்?

தண்ணீரில் கரையும் மோனோமருக்குத் தண்ணீரோடு பகை குறைவு, எனவே இடைமுக இழுவிசையும் குறைவு. துளி சுலபமாக உடையும். கொந்தளிப்பான கிளறலில் துளியின் விட்டம் இழுவிசையின் 0.6 அடுக்கோடும், கிளறி வேகத்தின் எதிர் 1.2 அடுக்கோடும் போகும். இழுவிசை பாதியானால் விட்டம் 0.66 மடங்கு, 400 என்பது 264 ஆகும். பழைய அளவு வேண்டுமானால் வேகத்தை சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டும்.

நிலைப்படுத்தி தாராளமாக இருந்தால் இழுவிசையை அதுவே தீர்மானிக்கும், இந்த வித்தியாசம் சுருங்கும். அதனால் வேகத்தில் கைவைக்கும் முன் நிலைப்படுத்தி எவ்வளவு என்று பாருங்கள். தண்ணீரில் 0.1 சதவீதம் என்றால் மோனோமர் பேசும், 0.5 என்றால் நிலைப்படுத்தி பேசும்.

25 டிகிரிக் கரைதிறனை வைத்து 70 டிகிரி வினைக்குக் கணக்குப் போடலாமா?

எம்எம்ஏவுக்குப் போடலாம், பெரிதாக மாறாது. அக்ரைலோநைட்ரைலுக்குக் கூடாது. 60 டிகிரியில் அது 9 சதவீதத்தைத் தொடுகிறது, மேலே போட்ட கணக்கில் 7.3-க்குப் பதில் 9 வைத்துப் போடுங்கள். அதோடு ஆவியையும் மறக்காதீர்கள். தூய அக்ரைலோநைட்ரைல் 77 டிகிரியில் கொதிக்கும், தண்ணீரோடு சேர்ந்தால் 71 டிகிரியிலேயே. திறந்த கண்டென்சர் வைத்து நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருந்தால் உங்கள் மோனோமர் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். நைட்ரஜனைச் சூடேற்றும் முன் செலுத்தி முடித்து, மூடிய அமைப்பில் நடத்துங்கள். மூடிவிட்டால் ஒரு லிட்டர் காலியிடத்தில் 70 டிகிரியில் நிற்பது ஒரு கிராமுக்குள்தான்.

2024-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அக்ரைலோநைட்ரைலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. கண்டென்சர் வாயை அறைக்குள் விடுவது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

இரண்டாவது மோனோமரை நடுவில் ஊற்றிக் கலவையைச் சரிக்கட்டலாமா?

எதை ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, இங்கே கரைதிறன் நண்பனாகிறது. அக்ரைலோநைட்ரைல், எம்எம்ஏ, மெத்தில் அக்ரிலேட் ஆகியவை தண்ணீரைப் பாலமாக வைத்துக் கடந்து துளிக்குள் போய்ச் சேரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சீராகச் சொட்டவிட்டால் போதும்.

ஸ்டைரீனையோ 2-எத்தில்ஹெக்சில் அக்ரிலேட்டையோ அப்படி ஊற்றினால் அவை கடக்க மாட்டாமல் புதுத் துளிகளாக நிற்கும். மணிகள் ஒட்டும் கட்டத்தை (பாதி இறுகிப் பிசுபிசுப்பாக இருக்கும் நேரம்) தாண்டியிருந்தால் அந்தத் துளிகள் அவற்றோடு சேராது, தனியாகப் பாலிமராகிப் பொடிமணியாக வரும். சல்லடையில் இரண்டு அளவுக் குவியல்கள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஊற்றித்தான் ஆக வேண்டுமானால் நிலைப்படுத்திக் கரைசலில் மிக நுண்ணிய குழம்பாக அடித்து, ஒட்டும் கட்டத்துக்கு வெகு முன்பே ஊற்றுங்கள்.

குறுக்கிணைப்புள்ள (சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த) மணியில் தண்ணீரிலிருந்து திரும்பும் மோனோமர் உள்ளே வரை போகுமா, மேல்தோலில் நின்றுவிடுமா?

மணி ஊறியிருக்கும்வரை போகும். 300 மைக்ரான் மணியின் ஆரம் 150. மோனோமரில் ஊறிய கூழில் பரவுதல் கெழு விநாடிக்கு சதுர மீட்டரில் பத்தின் எதிர் 10 அடுக்கு என்ற வரிசையில் இருந்தால், நடுவரை போக நான்கு நிமிடம். மோனோமர் தீர்ந்து மணி கண்ணாடியாக இறுகினால் கெழு ஆயிரம் மடங்கு விழும், அதே தூரத்துக்கு இரண்டரை நாள். ஆகக் கடைசியில் வரும் பங்கு மேல்தோலில்தான் குவியும். மேற்பரப்பில் மட்டும் வினைத்தொகுதி வேண்டுபவர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். சீரான மணி கேட்பவர்களுக்குத்தான் இது தொல்லை.

மணிக்குள் நுண்துளைகள் வரச் சேர்க்கும் துளையாக்கும் கரைப்பான் இருந்தால் கதை மாறும். டொலுயீன் போன்றது மோனோமரின் மோல் பின்னத்தைக் குறைப்பதால் தண்ணீருக்குப் போவதும் குறையும், மணியும் கடைசிவரை ஊறியே நிற்கும். சைக்ளோஹெக்சனால் என்றால் அதுவே 4 சதவீதம் அளவில் தண்ணீரில் கரையும். துளை அளவு பேட்ச்சுக்குப் பேட்ச் தள்ளாடினால் மோனோமரோடு சேர்த்துக் கரைப்பானுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அக்ரிலமைடை எப்படியாவது இந்த முறையில் மணியாக்க முடியுமா?

தண்ணீரில் தொங்கவிட்டு முடியாது, எண்ணெய்யையும் தண்ணீரையும் இடம் மாற்றுங்கள். மோனோமரின் நீர்க்கரைசலைச் சைக்ளோஹெக்சேன் அல்லது ஹெப்டேனில் துளிகளாக்கி, சார்பிட்டன் மோனோஸ்டியரேட் போன்ற, எண்ணெய் பக்கம் சாய்ந்த நிலைப்படுத்தி வைத்து, பெர்சல்பேட்டால் துவக்குவது தலைகீழ் சஸ்பென்ஷன். கரைதிறன் பிரச்சினை தீராது, திசைதான் மாறும். அங்கே எண்ணெயில் கரையும் கோமோனோமர்தான் தப்பி ஓடும்.

கணக்கெல்லாம் சரி. என் பேட்ச்சில் உண்மையில் என்ன நடந்தது என்று எப்படிச் சோதிப்பது?

வினைக்கு முன்: துவக்கி இல்லாமல், தடுப்பான் நீக்காத மோனோமர்களை உங்கள் விகிதத்தில் நிலைப்படுத்தியும் உப்பும் சேர்த்த தண்ணீரோடு மூடிய குழாயில் குலுக்கி, வினை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வைத்துப் பிரியவிடுங்கள். கீழடுக்கை ஊசியால் எடுத்து வாயு நிறப்பகுப்பில் பாருங்கள். சீர்மைக் கணக்கின் குறை இதில் தெரிந்துவிடும்.

வினைக்குப் பின்: தாய்நீரில் (மணிகளை வடித்தபின் மிஞ்சும் தண்ணீர்) 10 கிராமை 105 டிகிரியில், எடை இனி மாறாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். அதில் நிலைப்படுத்தியையும் உப்பையும் கழித்தால் மிஞ்சுவது தண்ணீரில் உருவான பாலிமர். 200 கிராம் தண்ணீரில் நிகரத் திடம் 1.2 சதவீதம் என்றால் 2.4 கிராம் போயிருக்கிறது. மணியில் அக்ரைலோநைட்ரைல் எவ்வளவு என்பதற்கு நைட்ரஜன் அளவு போதும். அதன் 26.4 சதவீதம் நைட்ரஜன், எனவே மணியின் நைட்ரஜனை 0.264-ஆல் வகுங்கள். நைட்ரைட் போட்டிருந்தால் மணியை நன்றாகக் கழுவிய பிறகு.

விளைச்சல் 97 சதவீதம், தாய்நீரும் தெளிவாக இருக்கிறது, ஆனால் நைட்ரஜன் குறைகிறது. 70/30 பேட்ச், 200 கிராம் தண்ணீர், நைட்ரஜன் 7.35 சதவீதம்.

7.35 ÷ 0.264 = 27.8 சதவீதம். 97 கிராம் மணியில் 27 கிராம் அக்ரைலோநைட்ரைல், மீதி 70 கிராம் ஸ்டைரீன். போட்ட ஸ்டைரீன் முழுவதும் வந்துவிட்டது, காணாமல் போன 3 கிராமும் அக்ரைலோநைட்ரைல்தான். தாய்நீரின் நிகரத் திடம் 0.3 சதவீதம் வந்தால் அதில் 0.6 கிராம் பாலிமர். மீதி 2.4 கிராம் பாலிமராகாமல் தண்ணீரிலும் காலியிடத்திலும் நிற்கிறது. தெளிவான தாய்நீர் என்பதால் சுத்தமான தாய்நீர் என்று ஆகாது, லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் அக்ரைலோநைட்ரைல் இருக்கும் கழிவுநீர் அது.

ரியாக்டரைத் திறக்காமல், வடிகட்டும் முன்பே, 85 முதல் 90 டிகிரியில் நீராவியால் இழுத்துக் குளிர்ந்த கண்டென்சரில் பிடியுங்கள். வெளியேறும் நீரில் மோனோமர் வருவது நின்றுவிட்டது என்று வாயு நிறப்பகுப்பில் தெரிந்தபிறகு மூடியைத் திறக்கலாம். பிடித்ததில் தடுப்பான் சேர்த்துக் குளிரில் வையுங்கள், அக்ரைலோநைட்ரைலும் தண்ணீரும் கலந்த அந்த அடுக்கை அளந்த பிறகு அடுத்த பேட்ச்சுக்கு மோனோமராகவே திருப்பிப் போடலாம்.